ஓக்லண்டை விட்டுப் போன ஏஸ் அணியை இனியும் நம் அணி என்று சொல்லலாமா?

பச்சைத்தொப்பி:

அனைவருக்கும் வணக்கம். ஃபிரீமான்ட்டில் வசிக்கும் நான், ஏஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகை. நீண்ட நாளாக மனத்தை அரிக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்ட் கொலிசியம் மைதானத்தில் நம் அணி தன் கடைசி ஆட்டத்தை ஆடி, டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3–2 என்று வென்றது. அன்று 46,889 பேர் வந்திருந்தார்கள். அதன்பின் மேற்கு சாக்ரமெண்டோவின் சட்டர் ஹெல்த் பார்க்குக்குக் குடிபெயர்ந்த அணி, பெயரிலிருந்து ஊரையே நீக்கிவிட்டு, வெறும் அத்லெட்டிக்ஸ் என்று ஆடி வருகிறது. லாஸ் வேகஸ் மைதானம் 2028இல் திறக்கும்வரை அங்கேதான் இருக்கப் போகிறது.

ஒதுக்கிவிடலாம் என்றால் ஆட்டக்காரர்கள் விடுவதில்லை. நிக் கர்ட்ஸ் 2025 ஜூலையில் ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்சர் போன்ற அடி) அடித்தார். மேஜர் லீக் எனும் உயர்மட்ட பேஸ்பால் லீக்கின் வரலாற்றில் முதலாண்டு ஆட்டக்காரர் எவரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. என் மகள் அவர் பெயர் போட்ட சட்டையைக் கேட்கிறாள். அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்பது தெரிந்திருந்தும் வாங்கிக் கொடுப்பது சரியா? சட்டை, டிக்கெட், ஒளிபரப்புச் சந்தா ஆகிய மூன்றிலும் உங்கள் வீடுகளில் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பழைய ஸ்கோர்கார்டு:

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் இந்த அணிக்கும் ஓக்லண்டுக்கும் இருந்த உறவைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். நான் எண்பதுகளில் படிக்க வந்தவன். கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் அறியாத எனக்கு, ரிக்கி ஹெண்டர்சன் முதல் பேஸில் நின்றுகொண்டு பந்தெறிபவரைப் பார்க்கும் பார்வைதான் பேஸ்பாலைக் கற்றுக்கொடுத்தது. ஓக்லண்டிலேயே வளர்ந்து, ஓக்லண்ட் அணிக்கே ஆடி, 1982இல் ஒரே பருவத்தில் 130 பேஸ்களைத் திருடிய (எதிரணி தடுப்பதற்குள் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்த) மனிதர் அவர். மொத்தக் கணக்கு 1,406. அதை நெருங்கக்கூடியவர் எவரும் இன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அணி ஊரை விட்டுப் போன அதே ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

1972, 73, 74 என்று அடுத்தடுத்து மூன்று முறை வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதித் தொடரை வென்ற ஊர் இது. 1989இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் இரு கரை அணிகளான ஏஸும் ஜயண்ட்ஸும் மோதிக்கொண்ட அந்தத் தொடரில், மூன்றாம் ஆட்டம் தொடங்கவிருந்த மாலையில் நிலநடுக்கம் வந்தது. மேற்கு ஓக்லண்டில் சைப்ரஸ் மேம்பாலச் சாலையின் மேல்தளம் கீழ்த்தளத்தின்மீது சரிந்து விழுந்தது. அந்த நிலநடுக்கத்தில் இறந்த 63 பேரில் 42 பேர் அந்தச் சாலையில்தான் இறந்தார்கள். பத்து நாள் கழித்துத் தொடர் மீண்டும் தொடங்கி, ஏஸ் 4–0 என்று முடித்தது. ஊரே துக்கத்தில் இருந்ததால், வென்ற அணியும் கொண்டாட்டத்தை அடக்கிக்கொண்டது. ஒரு நகரம் தன் துக்கத்தையும் வெற்றியையும் ஒரே மாதத்தில் ஓர் அணியோடு சேர்ந்து கடந்திருக்கிறது என்றால், அந்த அணி உரிமையாளர் விரும்பியபோது மூட்டை கட்டிச் செல்லக்கூடிய தனிச்சொத்து மட்டும்தானா என்பதே என் கேள்வி.

ஆனால் நியாயம் பேசும்போது முழு நியாயத்தையும் பேச வேண்டும். 1901இல் பிலடெல்பியாவில் பிறந்த இந்த அணி 1955இல் கான்சஸ் சிட்டிக்கும் 1968இல் ஓக்லண்டுக்கும் வந்தது. அன்று கான்சஸ் சிட்டி மக்கள் பட்ட வேதனை நாம் இன்று படும் வேதனைக்கு எள்ளளவும் குறைந்ததன்று. அவர்களுக்கு ஒரு பலம் இருந்தது. மிசோரி செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன், பேஸ்பாலுக்கு மட்டும் சட்டம் அளித்துள்ள சலுகையில் கைவைப்பேன் என்று லீக்கை மிரட்டினார். அடுத்த ஆண்டே ராயல்ஸ் என்ற புதிய அணி அந்த ஊருக்குக் கிடைத்தது. நமக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

சான் ஹோசேக்காரர்:

ஐயா சொன்ன சட்டச் சலுகையால் நேரடியாக அடிபட்ட ஊர் எங்களுடையது. ஏஸ் அணி விரிகுடாவை விட்டுப் போகாமலேயே சான் ஹோசேவில் மைதானம் கட்டிக்கொள்ள ஒரு காலத்தில் மிகவும் முயன்றது. சான்டா கிளாரா கவுண்டி ஜயண்ட்ஸ் அணியின் எல்லை என்று சொல்லி லீக் அதைத் தடுத்தது. அந்த எல்லை உரிமை எப்படி வந்தது தெரியுமா? ஏஸின் அன்றைய உரிமையாளர் வால்டர் ஹாஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோவில் மைதானம் கிடைக்காமல் தவித்தபோது, ஒரு பைசா வாங்காமல் விட்டுக்கொடுத்தது அது. ஜயண்ட்ஸ் பின்னர் தன் ஊருக்குள்ளேயே மைதானம் கட்டிக்கொண்டது; பெற்ற உரிமையை மட்டும் திருப்பித் தரவில்லை.

எங்கள் நகராட்சி 2013இல் லீக்கின்மீது வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. அன்று அந்த வழக்கில் வென்றிருந்தால் அணி இன்று உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் ஆடிக்கொண்டிருக்கும், பச்சைத்தொப்பி.

துறைமுகத் தோழர்:

எல்லோரும் உரிமையாளர் ஜான் ஃபிஷர்மீது கோபப்படுகிறீர்கள். நியாயமான கோபம்தான். மேட் ஓல்சன், மேட் சாப்மன் போன்றவர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு அனுப்பி, சம்பளப் பட்டியலைக் கரைத்து, 2023இல் 112 ஆட்டங்களில் தோற்கும் நிலைக்கு அணியைக் கொண்டுவந்துவிட்டு, பார்வையாளர்கள் வருவதில்லை என்று லீக்கிடம் போய் நிற்பதை எந்த ஊர் மன்னிக்கும்?

ஆயினும் துறைமுகப் பகுதியில் ஏஸுக்குப் புதிய மைதானம் கட்டும் ஹோவர்ட் டெர்மினல் திட்டத்தை ஓக்லண்ட் கெடுத்துவிட்டது என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது. துறைமுகச் சரக்குப் போக்குவரத்தோடு தொடர்புடைய வேலையில் இருப்பவன் நான். அவர்கள் கேட்டது வெறும் 35,000 இருக்கை கொண்ட மைதானம் அன்று. மூவாயிரம் வீடுகள், அலுவலகங்கள், ஹோட்டல் என்று சுமார் 12 பில்லியன் டாலரில் ஒரு புதிய நகர்ப்பகுதியையே கேட்டார்கள். ரயில் தண்டவாளம் குறுக்கே ஓடும் இடம் அது. கன்டெய்னர் லாரிகள் நின்று திரும்பும் இடமும் அதுதான். மாலை ஏழு மணி ஆட்டத்துக்கு முப்பதாயிரம் பேர் அந்தத் தண்டவாளத்தைக் கடந்து வந்தால் லாரி ஓட்டுநர் எங்கே போவார் என்று கேட்டவர்கள் ஆட்டத்தின் எதிரிகள் அல்லர். அங்கே கப்பல் தொழிலாளர் சங்கம் எதிர்த்து நின்றதற்குக் காரணம் அவர்களுடைய சோறு. அப்படி இருந்தும் நகரமன்றம் 2021 ஜூலையில் ஒரு விதிமுறை வரைவை நிறைவேற்றியது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஏப்ரலில், வேகஸில் நிலம் பார்த்துவிட்டதாக அணி அறிவித்தது.

வேகஸ் வாசி:

நான் லாஸ் வேகஸில் இருப்பவன் என்பதால் என்னையும் எதிரியாகப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நெவாடா சட்டமன்றம் 2023 ஜூனில் 380 மில்லியன் டாலர் வரை பொதுப்பணம் தர ஒப்புக்கொண்டது உண்மை. அதை இங்கே எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பறைகள் பிதுங்கி வழியும் மாநிலம் இது. ஆசிரியர் சங்கம் இந்த ஒதுக்கீட்டை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கியது. மனுவில் சட்டத்தின் முழு வாசகமும் இல்லை என்ற காரணத்தால் மாநில உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் அதை நிறுத்திவிட்டது. என் மனைவி பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சு எத்தனையோ நாள் நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு உயிரான அணி ஐஸ் ஹாக்கியின் கோல்டன் நைட்ஸ். அது 2017இல் இங்கேயே பிறந்த அணி. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ஊரே நிலைகுலைந்து கிடந்தபோது, எங்களோடு நின்ற அணி. இறந்தவர்கள் நினைவாக 58ஆம் எண்ணை இனி எந்த ஆட்டக்காரரும் அணியக்கூடாது என்று ஒதுக்கி வைத்த அணி. பழைய ஸ்கோர்கார்டு ஐயா 1989ஐப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பேஸ்பாலிலும் இங்கேயே பிறக்கும் ஒரு புதிய அணிக்குக் காத்திருந்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறோம். அழுதுகொண்டிருக்கும் ஊரிலிருந்து பிடுங்கிவந்த செடி எங்கள் பாலைவனத்தில் எப்படி வேர்விடும் என்று எனக்குத் தெரியவில்லை.

பச்சைத்தொப்பி:

வேகஸ் வாசி, உங்களை எதிரியாக நினைக்கவில்லை. மனம்விட்டு எழுதியதற்கு நன்றி. நீங்கள் குறிப்பிட்ட கோல்டன் நைட்ஸ் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றது 2023 ஜூன் 13 இரவு. அதே இரவில்தான் நாங்கள் கொலிசியத்தில் 27,759 பேர் கூடி, பச்சைச் சட்டையில் 'விற்றுவிடு' என்று எழுதி அணிந்து நின்றோம். ஆட்டத்துக்கு வராமல் புறக்கணித்தால் உரிமையாளருக்குச் சாதகமாகிவிடும் என்பதால், எல்லோரும் வந்து நிரப்பிக் காட்டும் போராட்டத்தை ரசிகர்களே திட்டமிட்டார்கள். ஐந்தாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் அரங்கமே வாய்மூடி அமைதியாக இருந்து, பிறகு ஒரே குரலில் அணியை விற்கச் சொல்லி முழங்கியதை நேரில் கேட்டவர்களுக்கு அது மறக்காது. அன்று நம் அணி டாம்பா பே ரேஸை 2–1 என்று வென்றதும் அதே நாளில் நெவாடா செனட் நிதி மசோதாவை நிறைவேற்றியதும் இன்றைக்கும் எனக்குச் சேர்த்தே நினைவுக்கு வருகின்றன. லீக்கின் ஆணையர் ராப் மான்ஃபிரெட் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசியபோது, ஓர் இரவுக்காவது மேஜர் லீக்கின் சராசரியை ஒட்டிய கூட்டம் வந்தது நல்லதே என்ற பொருளில் சொன்னார். நவம்பரில் முப்பது உரிமையாளர்களும் ஒருவர்கூட மறுக்காமல் இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள்.

ஆற்றங்கரை:

சாக்ரமெண்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நிலைமை விசித்திரமானது. பதினாலாயிரம் பேர் மட்டுமே அமரக்கூடிய, சிறிய லீக் அணியான ரிவர் கேட்ஸின் மைதானத்தில் பெரிய லீக் அணி ஆடுகிறது. அப்படியும் 2025இல் சராசரிக் கூட்டம் பத்தாயிரத்தை எட்டவில்லை. ஜூலை மாதத்தில் இங்கே பிற்பகல் வெயில் எப்படி இருக்கும் என்பது நம்மூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியும் நான் குழந்தைகளை அழைத்துப் போகிறேன். ஆரோன் ஜட்ஜ், ஷோஹெய் ஓடானி போன்ற பேஸ்பால் நட்சத்திரங்களை வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு மறுபடி எப்போது வரும்?

ஓக்லண்ட் மக்களின் வலி எங்களுக்குப் புரியாததன்று. 2013இல் எங்கள் கூடைப்பந்து அணியான கிங்ஸை சியாட்டிலுக்கு அள்ளிக்கொண்டு போகப் பார்த்தார்கள். அந்த லீக்கின் அணி உரிமையாளர்கள் 22–8 என்று வாக்களித்து அதைத் தடுத்தார்கள். ஆனால் சும்மா தடுக்கவில்லை. ஊரின் மையத்தில் புதிய அரங்கம் கட்ட நகராட்சி இருநூற்றைம்பது மில்லியன் டாலருக்கு மேல் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகுதான் அணி தங்கியது. அந்தப் பணத்தைத் தர ஓக்லண்டால் முடியவில்லை அல்லது மனம் வரவில்லை. சாக்ரமெண்டோ தந்தது. எது சரி என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

லாங் ஆன்:

பேஸ்பாலைவிடக் கிரிக்கெட்டே எனக்கு நெருக்கம் என்றாலும் கொலிசியத்தோடு எனக்கும் ஓர் உறவு வந்துவிட்டது. ஏஸ் காலி செய்த அதே மைதானத்தில் 2025 ஜூன் 12 அன்று மேஜர் லீக் கிரிக்கெட்டின் பருவம் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோ யூனிகார்ன்ஸுக்காக ஃபின் ஆலன் 51 பந்தில் 151 ஓட்டங்கள் அடித்தார், 19 சிக்சர்கள், ஓர் இன்னிங்ஸில் அத்தனை சிக்சர்கள் இருபது ஓவர் ஆட்டத்தில் அதற்கு முன் எவரும் அடித்ததில்லை. ஏஸ் ரசிகர்கள் பல்லாண்டுகள் முரசு கொட்டிய அரங்கத்தில், தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் குரல் கேட்டது. மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கூச்சமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஐபிஎல்லில் ஓர் அணியை வாங்குபவர் ஓர் ஊருக்கான உரிமையைத்தான் வாங்குகிறார். 2012இல் டெக்கான் சார்ஜர்ஸ் நீக்கப்பட்டபோது, புதிய அணியை வாங்கியது சென்னையின் சன் குழுமம். ஆனாலும் அணி ஹைதராபாத்திலேயேதான் இருந்தது. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னையின் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோதும் ரசிகர்கள் தனி ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. உரிமையாளர் ஊரையே மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தச் சட்டச் சலுகையை யாராவது விளக்குவீர்களா?

பழைய ஸ்கோர்கார்டு:

விளக்குகிறேன், தம்பி. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டத்தை நடத்துவது மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து போன்ற பிற விளையாட்டுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் முதன்மையானவர் கர்ட் ஃபிளட். அவரும் மேற்கு ஓக்லண்டில் வளர்ந்தவர் என்பதை இங்கே பலர் அறியமாட்டார்கள். ஃபிராங்க் ராபின்சன், வேடா பின்சன் ஆகியோரோடு மெக்லைமண்ட்ஸ் பள்ளியில் படித்தவர். 1969இல் செயின்ட் லூயிஸ் அணி தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, விலைக்கு வாங்கி விற்கும் பொருள் அன்று நான் என்று சொல்லி மறுத்தார். தன் ஆட்ட வாழ்க்கையையே அதற்குப் பலி கொடுத்தார். 1972இல் 5–3 என்று வழக்கில் தோற்றார். ஆட்டக்காரர்கள் அணி மாறும் உரிமையைச் சில ஆண்டுகளில் வேறு வழியில் வென்றெடுத்தார்கள். 1998இல் ஃபிளட்டின் பெயரிலேயே வந்த சட்டம் பெரிய லீக் ஆட்டக்காரர்களின் வேலை உரிமைக்கு மட்டும் சலுகையை நீக்கியது. அணிகளின் இடமாற்றம் பழைய சலுகைக்குள்ளேயே விடப்பட்டது. ஃபிளட் கேட்ட கேள்வியின் மறுபாதியை ஓக்லண்ட் ரசிகர்கள் இன்று கேட்கிறார்கள். ஆட்டக்காரர் பொருள் அல்லர் என்றால் ரசிகர் யார்?

சான் ஹோசேக்காரர்:

ஐயாவின் விளக்கத்தோடு ஒரு விஷயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். சலுகையை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறு. அமெரிக்கக் கால்பந்துக்கு அந்தச் சலுகை இல்லாததால்தான் 1982இல் ரெய்டர்ஸ் அணியை அதன் உரிமையாளர் அல் டேவிஸ் ஓக்லண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோவதை லீக்கால் தடுக்க முடியவில்லை. சாலைக்காக நிலத்தைக் கையகப்படுத்துவதுபோல அணியையே கையகப்படுத்தப் பார்த்தது ஓக்லண்ட் நகராட்சி. ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த வழக்கும் இறுதியில் தோற்றது. மறுபுறம், பேஸ்பாலில் 1972க்குப் பிறகு ஏஸுக்கு முன் ஊர் மாறிய அணி மான்ட்ரியல் எக்ஸ்போஸ் ஒன்றுதான். ஆக, சலுகை சில ஊர்களைக் காத்திருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களை வெளியே நிறுத்தியும் வைத்திருக்கிறது.

நாம் பார்க்க வேண்டியது ஒஹையோ மாநிலத்தை. பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி க்ளீவ்லண்டை விட்டுப் போனபோது, அணியின் பெயர், நிறம், சாதனைப் பதிவேடு எல்லாம் ஊருக்கே என்று அந்த நகரம் போராடி வாங்கிக்கொண்டது. 1999இல் புதிய பிரவுன்ஸ் அதே பெயரில் ஆடத் தொடங்கியது. அதோடு மாநிலம் ஒரு சட்டமும் இயற்றியது. பொதுப்பணத்தில் கட்டிய மைதானத்தில் ஆடும் அணி போக வேண்டுமானால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வாங்க முன்வர வாய்ப்பளிக்க வேண்டும். 2018இல் சாக்கர் ஆடும் கொலம்பஸ் க்ரூ அணி டெக்சஸுக்குப் போகவிருந்தபோது மாநில அரசு இந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டது, உள்ளூர் ஆள்கள் வாங்கினார்கள், அணி நின்றது. கலிபோர்னியாவில் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், வாங்கத் தயார் என்று பலமுறை சொன்ன வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் ஜோ லேக்கபைப் போன்றவர்களிடம் ஃபிஷர் உட்கார்ந்து பேசியாவது இருக்க வேண்டும். பார்பரா லீ நாடாளுமன்றத்தில் இருந்தபோது, ஊரை விட்டுப் போகும் பேஸ்பால் அணி இழப்பீடு தர வேண்டும் என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார், அது நகரவில்லை. இன்று அவர் ஓக்லண்டின் மேயர். மாநிலச் சட்டத்துக்கு அவர் குரல் கொடுத்தால் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

துறைமுகத் தோழர்:

அந்தச் சட்டத்தை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் பொதுப்பணம் தந்த மைதானம் என்ற நிபந்தனையை வைத்துக்கொண்டு, அணியைக் கட்டிப்போடுவதற்காகவே நகரங்கள் மேலும் பணம் கொட்டும் நிலை வந்துவிடக் கூடாது. ரெய்டர்ஸைத் திரும்ப அழைத்துவர 1995இல் கொலிசியத்தில் எழுப்பிய மாபெரும் இருக்கை மாடம் மலைகளின் காட்சியை மறைத்து நிற்கிறது. ரெய்டர்ஸ் மறுபடியும் போனார்கள். அதற்கான கடன் தவணையை நகரமும் கவுண்டியும் கட்டிக்கொண்டே இருந்தன. அதே ஆண்டுகளில் எங்கள் பகுதி நூலகத்தின் வேலை நேரம் குறைந்தது. கொலிசியம் பார்ட் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் போகும் நடைபாலத்தில் பன்றி இறைச்சி சுற்றிய ஹாட் டாக் விற்ற பெண்களுக்கு, ஆண்டுக்கு 81 நாள் உறுதியாகக் கிடைத்த வியாபாரம் போய்விட்டது. அவர்களுக்கு எந்த ஒப்பந்தத்திலும் இழப்பீடு இல்லை.

பச்சைத்தொப்பி கேட்டதற்கு என் வீட்டு முடிவைச் சொல்கிறேன். ஆட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் பார்ப்போம், கைதட்டுவோம். அணிக்கு நேரடியாகப் பணம் போகும் எதையும் வாங்குவதில்லை.

ஆற்றங்கரை:

துறைமுகத் தோழரின் முடிவை மதிக்கிறேன். நான் ஆட்டத்துக்குப் போவேன்; ஆனால் என் தலையில் இருப்பது ஓக்லண்டின் பழைய தொப்பியாகத்தான் இருக்கும். இங்கே அப்படி வருபவர்கள் ஏராளம். யாரும் தவறாக நினைப்பதில்லை.

பழைய ஸ்கோர்கார்டு:

என் பணம் இப்போது பாலர்ஸ் அணிக்குப் போகிறது. மேற்கு ஓக்லண்டின் ரைமண்டி பார்க்கில் 2024 முதல் ஆடும், பயனியர் லீக் என்ற சிறிய பேஸ்பால் லீக்கின் அணி அது. ரசிகர்களே பங்கு வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டிலேயே, இறுதித் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்ற பிறகு, அடுத்த மூன்றையும் வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கர்ட்ஸைப் போன்ற ஆட்டக்காரர் அங்கே இல்லை. பெரிய லீக்கின் வேகமும் இல்லை. ஆனால் சைப்ரஸ் சாலை சரிந்த அதே பகுதியில், கர்ட் ஃபிளட் படித்த பள்ளிக்கு அருகில், கொலிசியத்தில் முரசு கொட்டியவர்களைப் போன்ற ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கலாம்.

பச்சைத்தொப்பி, அடுத்த பருவம் மே மாதம் தொடங்கும். உங்கள் மகளோடு ஒரு நாள் வாருங்கள். கார் நிறுத்த இடம் குறைவு. மேற்கு ஓக்லண்ட் பார்ட் நிலையத்தில் இறங்கினால் சற்றுத் தூரம் நடக்க வேண்டியிருக்கும். மாலையில் விரிகுடாக் காற்று குளிரும், கம்பளிச் சட்டை எடுத்து வாருங்கள்.